அரை இடம் தள்ளி

1988, ஆனி மாதம். பெரியகுளம் தென்கரையில் மேடை ஏறக் கால்மணி நேரம் இருக்கும்போது என் பேன்ட் ஜிப் அறுந்தது. வெள்ளை பேன்ட், கருஞ்சிவப்புச் சட்டை என்று குழு முழுவதற்கும் ஒரே சீருடை. மாற்று பேன்ட் ஒருத்தரிடமும் கிடையாது. கௌமாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பிடித்தேன். அவள் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். இரண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "கிடாரைக் கொஞ்சம் எறக்கிப் பிடி, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அதிகாலை மூன்று மணி வரைக்கும் இறக்கியே பிடித்தேன். மணிக்கட்டு வளைந்து கார்டு எட்டாமல் பாதிப் பாட்டில் விரல் நழுவியது. மறுநாள் மூன்றாந்தலில் ஒரு கமிட்டிக்காரர் மறித்தார். "என்னப்பா, ராத்திரி கிடாரைத் தூளி கட்டுன மாதிரித் தொங்கவிட்டிருந்த? மேடைன்னா ஒரு மட்டு மரியாதை வேணாமா?"

போன டிசம்பரில் மகள் என்னைப் பெங்களூரு இந்திராநகரில் ஒரு மாடிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் நின்ற பையனின் தோல் சட்டையில் ஊக்கு குத்தியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அவனுக்கு எதுவும் அறுந்ததாகத் தெரியவில்லை. உள்ளே மேடையில் இன்னொருவன் கிடாரை முழங்கால் வரை தொங்கவிட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் மறித்துக் கேட்கவில்லை. ஆளுக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்துப் பார்க்க வந்திருந்தார்கள்.

"இது என்ன கச்சேரிம்மா?"

"ஸ்கா, பங்க். ரெண்டு பேண்டுப்பா. நீங்க கிடார் வாசிச்சவருதானே, உங்களுக்குப் பிடிக்கும்."

கிடார் வாசித்தவன் என்பது உண்மை. இப்போது நான் மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறவன். காசாலட்டு எத்தனை பெட்டி, கல்லாமை எத்தனை பெட்டி, அழுகல் கழிவு எவ்வளவு என்பதுதான் என் சுரமும் தாளமும். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார். லீட் கிடார் என்றால் ஊரில் பெண் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவாவது செய்வார்கள். ரிதம் கிடார் என்பது பாட்டுக்கு அடியில் ஓடும் 'சிக்கு சிக்கு'. இருக்கும்போது யாருக்கும் கேட்காது. நின்றால்தான், என்னமோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு மேடையில் தப்பு வாசிப்பது பெரிய பாவம். வேறு ஊரில் சுருதி விலகினால் சுருதி விலகியது என்பதோடு போகும். இங்கே பரம்பரையை இழுப்பார்கள். பண்ணைப்புரத்தில் இளையராஜா, கங்கை அமரன், அல்லிநகரத்தில் பாரதிராஜா, எங்களுக்கு எட்டிப் பார்த்தால் தெரியும் வடுகபட்டியில் வைரமுத்து. அந்த ஊர்ச் சந்தைக்குப் பூண்டு விற்க வந்தவர்கூட, "கவிஞர் ஊருக்குப் பக்கத்துல நின்னு சரணத்தை முழுங்குறீங்களே" என்று சொல்லிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெரியவரும், தானே ராஜாவுக்கு ஆர்மோனியப் பெட்டி தூக்கியவர் என்ற தோரணையில் காலை ஆட்டிக்கொண்டிருப்பார். சிலர் நிஜமாகவே தூக்கியிருக்கவும் கூடும், அதுதான் தொல்லை.

இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வெளியானது 1976 மே 14. எனக்கு ஒன்பது வயது. அதற்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் நியூயார்க்கில் ராமோன்ஸ் என்ற நாலு பேர் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள்: பதினாலு பாட்டு, மொத்தம் அரைமணி நேரத்துக்குள். நாலு கார்டு தெரிந்தால் போதும், மூன்று தெரிந்தாலும் பாதகமில்லை என்பது அவர்கள் கொள்கை. பங்க் என்று பேர் வைத்தார்கள். எங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. வந்திருந்தால், மூன்று கார்டோடு நிறுத்திக்கொண்டு நானும் ஒரு கொள்கைக்காரனாக வாழ்ந்திருப்பேன்.

எங்கள் கொள்கை வேறு: அச்சு அசல் ரெக்கார்டு மாதிரி. ஒரு இடையிசைக்கு ஒரு ராத்திரி. காசெட்டைப் பென்சிலில் சுற்றி, போட்டு, நிறுத்தி, மறுபடி சுற்றி, வயலின் நாற்பது பேர் வாசித்ததை ஒரு கேசியோவில் கொண்டுவர வேண்டும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து நிலாப் பாட்டின் கிடார் இருக்கிறதே, அது எங்கள் தலைமுறைக் கிடார்காரர்களுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை. எந்த ஊர் போனாலும் பத்தாவது சீட்டில் அந்தப் பாட்டு வரும். "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டு அன்பளிப்பாக ரூபாய் பதினொன்று" என்று அறிவிப்பாளர் வாசித்ததும் எங்கள் லீட் கிடார்காரன் முகத்தில் வியர்வை பூக்கும். அவன் வாசித்தது அமெரிக்கக் கிப்சன் இல்லை, கல்கத்தாக் கிவ்சன். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். பாட்டில் அது முழுசாகக் கேட்கும்.

ராத்திரி ஒன்பதரைக்குப் பிள்ளையார் பாட்டு, அடுத்து அம்மன் பாட்டு, அப்புறம் எம்.ஜி.ஆருக்கு ரெண்டு, சிவாஜிக்கு ரெண்டு, எண்ணிக்கை குறைந்தால் நாற்காலி பறக்கும் என்பதால் சரிக்குச் சரி. நள்ளிரவுக்கு மேல் எங்கள் ராஜ்யம்: டிஸ்கோ, பைலா, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்குவது எல்லாம். என் பங்கு ஐம்பது ரூபாயும் பரோட்டாவும். பரோட்டா பெரும்பாலும் வரும்.

பெங்களூரு மாடியில் முதல் ஏமாற்றம், நாற்காலி இல்லை. "நின்னுக்கிட்டுத்தான்ப்பா கேக்கணும்" என்றாள். முன்வரிசை நாற்காலிக்காக எங்கள் ஊரில் மண்டையே உடைந்திருக்கிறது; இங்கே எண்ணூறு வாங்கிக்கொண்டு நிற்க வைக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் சூடு போடுவதுபோல் மணிக்கட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். நூற்றைம்பது பேர் இருப்பார்கள், அந்த இடத்துக்கு எண்பதே அதிகம்.

முதலில் ஸ்கா. எட்டுப் பேர். கிடார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு, பாட ஒருவன். ஓரத்தில் டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன். டிராம்போன் ஒரு பெண். கிடார்காரப் பையன் கையை மேலே எடுக்கும்போது மட்டும் கம்பியை வெட்டினான். தாளம் விழும் இடத்தில் அவன் இல்லை. விழுந்த பிறகு, அடுத்தது விழுமுன், நடுவில் இருந்தான். ஒன்று... சிக்கு... ரெண்டு... சிக்கு. என் வலது மணிக்கட்டு என்னைக் கேட்காமல் ஆட ஆரம்பித்தது. முப்பத்தைந்து வருடமாகக் கணக்குப் பேனா பிடித்த கை.

ஸ்காவின் கதையை மகள் போனில் காட்டினாள். பிறகு நானே தேடிப் படித்தேன். 1950களின் கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ரெக்கார்டு போடுகிறவர்கள் இருந்தார்கள். சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். டியூக் ரீடு, காக்ஸன் டாட் போன்றவர்கள் அதில் பெரிய கைகள். யார் செட்டுக்குக் கூட்டம் சேர்கிறது என்பதில் ஒருவருக்கொருவர் ஜென்மப் பகை. அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த ரெக்கார்டு என்ன பாட்டு என்று போட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக லேபிளைச் சுரண்டி எறிந்துவிடுவார்களாம். இதைப் படித்ததும் எனக்குக் கிங்ஸ்டன் மறந்து எங்கள் வடகரை ரேடியோ செட்காரர் ஞாபகம் வந்தார். ஒரே முகூர்த்தத்தில் எதிரெதிர்த் தெருவில் ரெண்டு கல்யாணம் என்றால், வேப்பமரத்தில் இவர் கூம்புக் குழாய், புளியமரத்தில் அவர் கூம்புக் குழாய். காலை நாலு மணிக்கே சண்டை தொடங்கிவிடும். தாலி கட்டும் நேரத்தில் எந்த மாப்பிள்ளைக்கு எந்த மந்திரம் என்று ஐயருக்கே குழப்பம். எங்கள் செட்காரரும் புது இசைத்தட்டின் அட்டையைத் துண்டால் மூடித்தான் வைப்பார்.

கிங்ஸ்டன் பையன்களுக்கு மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலி நிலையங்கள் கடல் தாண்டிக் கேட்டன. கேட்டதை வாசித்துப் பார்த்தார்கள். அழுத்தம் இடம் மாறி விழுந்தது. அதுவே ஸ்கா ஆயிற்று. 1962இல் அந்த நாடு சுதந்திரம் வாங்கியபோது தெருவெல்லாம் இந்தச் சத்தம்தான். 1964இல் மில்லி ஸ்மால் என்ற பெண் லண்டனில் பாடிய பாட்டு உலகம் முழுக்கப் போயிற்று. எங்களுக்குக் கடல் தாண்டிக் கேட்டது இலங்கை வானொலி. அது தந்த சீதனம் பைலா. போர்த்துகீசியரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையில் விட்டுப்போன ஆட்டம். ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' மேடையில் ஏறினால் கிழவிகளும் எழுந்து நிற்பார்கள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜாவே அதை எடுத்துக்கொண்டார். பைலா திஸ்ர நடை, ஸ்கா சதுஸ்ரம். ரெண்டும் ஒன்றே என்று சாதிக்கமாட்டேன். எதைக் காட்டினாலும் 'இது நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு' என்று சொல்லும் ஆட்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் என் மணிக்கட்டு அந்த ரகம் போலிருக்கிறது.

ஸ்கா முடிந்து பங்க் ஏறியது. மூன்றே பேர். ஒருவன் கிடாரை ஆம்ப்ளிஃபயருக்கு நேரே காட்டி, வேண்டுமென்றே கூவ வைத்தான். எனக்குப் பதறிவிட்டது. எங்கள் காலத்தில் மைக் கூவினால் மைக்செட்காரன் வயரைத் தாண்டி ஓடுவான், பாடகர் மன்னிப்புக் கேட்பார், எங்கள் குழு முதலாளி நாக்கைக் கடித்துக்கொள்வார். இங்கே கூவியதும் கைதட்டு. அடித்தொண்டையில் ஏதோ கத்தினான், டிரம்ஸ்காரி குருவி விரட்டுவதுபோல் வெளுத்தாள், நின்றது. ஒன்றரை நிமிஷம் இருக்காது.

"சவுண்ட் செக்கிங்கா?" என்றேன்.

"அப்பா, பாட்டே அவ்வளவுதான்."

நாலாவது பாட்டில் கூட்டம் ஒருவரை ஒருவர் தோளால் இடித்துச் சுழன்றது. கீழே விழுந்த பெண்ணை நாலு பேர் பிடித்துத் தூக்கிவிட்டு மறுபடி இடித்தார்கள். தொழில் சுத்தமாக இருந்தது. வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு நடுவில் பம்பை உச்சத்துக்குப் போகும்போது நடக்கும் தள்ளுமுள்ளு இதைவிட உக்கிரம். ஆனால் அங்கே விழுந்தால் சாமி குற்றம் என்று சொல்லிவிடுவார்கள். இவர்களுக்குச் சாமி இல்லாததால் பொறுப்பு அதிகம்.

நடுவில் பாடகன் அரசாங்கத்தைத் திட்டி ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தான். "பங்க்னா எதிர்ப்புப்பா" என்று மகள் என் காதில் கத்தினாள். சொன்னாளே தவிர, அவளுக்கும் தெரியும், சின்ன வயதில் நான் சொன்ன கதைதான். 1958இல் எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் ஓட்டுக் கேட்கப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். பின்னாலேயே பதினைந்து வயதுகூட நிறையாத தம்பி ராசையா, பிற்கால இளையராஜா. சினிமா மெட்டில் அன்றன்றைக்கு வரி கட்டி எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார்கள். ரோசம்மா ஜெயித்தார். கேரள முதலமைச்சர் இ.எம்.எஸ். பாவலரை மேடையில் பாராட்டியதைப் பள்ளத்தாக்கில் இன்றும் சொல்வார்கள். நுழைவுச் சீட்டு இல்லை. கையில் முத்திரை குத்தியது தேர்தல் கமிஷன், அதுவும் விரலில். பாவலர், தம்பியின் 'அன்னக்கிளி'யைக் கேட்க இருக்கவில்லை. கச்சேரியில் நாங்கள் ராஜா பாட்டு முப்பது பாடுவோம். அந்த ஆர்மோனியப் பாட்டில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. யாரும் சீட்டு எழுதிக் கேட்டதில்லை.

திரும்பவும் பெங்களூரு மாடிக்கு வருகிறேன். கடைசியில் ரெண்டு குழுவும் சேர்ந்து ஏறின. பீங்கான் தரை மாதிரிக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டியைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். "டூ டோன்ப்பா" என்றாள். இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற மோட்டார் தொழிற்சாலை ஊரில் 1979இல் ஜெரி டாமர்ஸ் தொடங்கிய ரெக்கார்டு கம்பெனியின் பெயர் அது. அவருடைய ஸ்பெஷல்ஸ் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடை. கறுப்பர்களைத் தெருவில் அடித்துக்கொண்டிருந்த காலம். பழைய ஸ்காவையும் புதிய பங்க்கையும் கலந்து அந்த அடிக்கு எதிரே வாசித்தார்கள். ரெண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில், அதுதான் கட்டம்.

எனக்கும் ரெண்டு தெரியும். டம்ளர்.

எங்கள் குழுவில் டிரம்பெட் வாசித்த அண்ணன் பேண்டு செட் குடும்பம். காலையில் கல்யாண ஊர்வலம் அல்லது சாவு, ராத்திரி எங்கள் மேடை. அப்பாவிடம் கற்றது, நொட்டேஷன் தெரியாது, ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். ஒருநாள் ஒத்திகையில் என் சிக்குச் சிக்கு தாளத்தோடு ஒட்டிப் போகிறது என்று நிறுத்தச் சொன்னார். "தம்பி, நீ தாளத்துமேலயே ஏறி உக்காந்துக்கிற. அரை இடம் தள்ளி உக்காரு. ஆடுறவனுக்குக் கால் வைக்க எடம் வேணும்ல?" என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சங்கீதப் பாடம் அது. அதற்குப் பின் நான் வாசித்ததுதான் ஸ்கா என்று தெரிந்துகொள்ள முப்பத்தைந்து வருடமும் எண்ணூறு ரூபாயும் ஆகியிருக்கிறது.

1989 சித்திரையில், கம்பம் போகிற வழியில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். சாயங்காலம் வேன் போய் நின்றதும் ஒன்பது பேரும் டீக்கடைக்குப் போனோம். எட்டுப் பேருக்குக் கண்ணாடி டம்ளர் வந்தது. அண்ணன் முந்தின மாதம்தான் அந்த ஊர்ச் சாவு ஒன்றுக்கு வாசித்துவிட்டுப் போயிருந்தார். கடைக்காரருக்கு முகம் ஞாபகம் இருந்தது. ஓலைச் செத்தையில் செருகியிருந்த நெளிந்த அலுமினிய டம்ளரைக் காட்டி, "கழுவி எடுத்துக்கப்பா" என்றார். சத்தமெல்லாம் இல்லை. சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் போலிருக்கு என்பதைப்போல. அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு வயிறு சரியில்ல. நீங்க குடிங்க தம்பி."

குடித்தோம். நான் வடையும் தின்றேன்.

ராத்திரி மேடையில் அண்ணன் சீருடைக் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார். பிள்ளையார் பாட்டிலேயே அவர் டிரம்பெட் அரை இடம் தள்ளி நுழைந்தது. தவறிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த பாட்டிலும் அப்படியே. எம்.ஜி.ஆர். பாட்டில், சிவாஜி பாட்டில், எல்லாவற்றிலும், ஒரு இடம் விடாமல், அளந்து வைத்த மாதிரி அரை இடம். பாடகி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். டிரம்ஸ்காரன் சமாளிக்கப் பார்த்துத் தானும் தள்ளிப் போனான். நானும் போனேன். ஒரு மணிக்கு மேல் மொத்தக் குழுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்த தேர்போல ஓடியது. முன்வரிசை நாற்காலிகள் முகம் சுளித்தன. மைதானத்தின் கடைக்கோடியில், டியூப்லைட் எட்டாத இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்து ஆடினார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் கச்சேரியில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கமிட்டி இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டது. காரணம்: டிரம்பெட் சரியில்லை. குழு முதலாளி அதை அண்ணன் பங்கில் கழித்தார். வேனில் யாரும் பேசவில்லை. அலுப்பு என்று சொல்லிக்கொண்டோம். அவர் அதற்குப் பின் எங்களோடு வரவில்லை. நாங்களும் கேசியோவிலேயே டிரம்பெட் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டோம்.

இதைப் பெங்களூரில் மகளிடம் சொல்லவில்லை. அவள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரிக்குப் போனவள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானா, ராக், ராப் பாடகர்களை ஒன்றாக ஏற்றிய மேடை. அயோத்திதாசப் பண்டிதர் எடுத்தாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அன்று ராத்திரி போன் பண்ணி, "உங்க குழுவுலயும் இந்த மாதிரி இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். "எங்க குழுவுல சாதியெல்லாம் பாக்க மாட்டோம்மா" என்று சொல்லியிருந்தேன். நாங்கள் எங்கே பார்த்தோம்? பார்த்தது டீக்கடைக்காரர்.

பெரியகுளம் இப்போது சுத்தமாகிவிட்டது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000த்திலேயே விதி வந்துவிட்டது. திருவிழாவுக்கு 'ஆடல் பாடல்' வைக்க வேண்டுமென்றால், போலீஸ் மறுத்து, ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப்போட்டு, ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டுக் கூடாது என்று நிபந்தனைகளோடு உத்தரவு வாங்கி வருகிறார்கள். பங்க் பையன்களுக்குக்கூட இவ்வளவு எதிர்ப்பு வாய்த்திருக்காது. மேடையில் ஒருவர் கீபோர்டு, ஒருவர் ரிதம் பேட். மீதி எல்லாம் பென் டிரைவில் இருக்கிறது. அச்சு அசல் ரெக்கார்டு மாதிரியே கேட்கிறது, ஏனென்றால் அது ரெக்கார்டுதான். எங்கள் லட்சியம் நிறைவேறிவிட்டது. ரிதம் கிடாரைக் காணோம். யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. டீக்கடையிலும் டம்ளர் தகராறு தீர்ந்துவிட்டது, எல்லாருக்கும் காகிதக் கப். சில கடைகளில் கேட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள். யாரைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தால் தெரியும்.

பொங்கல் முடிந்து ஒரு சாயங்காலம் வராக நதிப் பாலம் தாண்டி வடகரைக்குப் போனேன். அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. பல் போனதால் டிரம்பெட் நின்றுவிட்டது. மகன்தான் பேண்டு செட் நடத்துகிறான். திண்ணையில் உட்கார்ந்து பட்டன்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மகள் எடுத்திருந்த வீடியோவைப் போனில் காட்டினேன். டெல்லியில் 2009லிருந்து ஸ்கா வெஞ்சர்ஸ் என்று ஒரு குழு இருப்பது, ஜமைக்கா, கோவென்ட்ரி என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அரை இடம் தள்ளி வாசிப்பதற்கு உலகத்தில் ஒரு பேர் இருக்கிறது அண்ணே என்றேன். அவர் போனைக் காதோடு வைத்துக் கேட்டார். பார்ப்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

"கொம்பு ஊதுற பிள்ள நல்லா ஊதுது. மூச்சுதான் கடைசியில விட்டுருது. நெஞ்சுல எடுக்குது, அடிவயித்துல எடுக்கணும்."

"சொல்றேண்ணே."

"டிக்கெட்டு எம்புட்டுன்ன?"

"எண்ணூறு."

"ஊதுறவகளுக்கு எம்புட்டு?"

தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார். மருமகள் ஒரு தட்டில் டீ கொண்டுவந்தாள், இரண்டு எவர்சில்வர் டம்ளர். எடுத்தேன். சூடு, வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டேன். பட்டனைத் துணியால் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், நெடுநாள் கேட்க நினைத்து மறந்துபோன சில்லறைக் கணக்கைப்போல அவர் கேட்டார்.

"ஏந்தம்பி, அன்னைக்கு அந்தக் கடையில குடிச்சீகளே ஒரு டீ. சீனி சரியா இருந்துச்சா?"